கடை வைக்கும் முன் ஊரைக் கேளுங்கள்!

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஓர் ஊருக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமானால் ஊரார் பல ஆண்டுகள் மனுவும் கையுமாக நடக்க வேண்டும். இடம் காட்ட வேண்டும். பிள்ளைகளின் கணக்குக் காட்ட வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்களில் பள்ளி இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். நூலகம் வேண்டுமென்றாலும், போகும் பேருந்து ஒரு நிமிடம் நின்று போக வேண்டுமென்றாலும் இதே நடைதான். மதுக்கடை மட்டும் யாரும் கேளாமலே வந்து சேர்கிறது. பூட்டிக் கிடந்த கட்டடம் ஒன்றுக்கு ஒரு நாள் கம்பி வலை அடிக்கிறார்கள். மறுநாள் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. அடுத்த நாள் பலகை தொங்குகிறது. அதன் பிறகுதான் ஊருக்கே செய்தி தெரிகிறது. பள்ளி வேண்டுமென்று மனு எழுதிய அதே கைகள், இப்போது கடை வேண்டாமென்று மனு எழுதத் தொடங்குகின்றன.

இந்த முறை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. நாட்டில் முழு மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்பது பெரிய வழக்கு. அதற்கு இரு பக்கமும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அதை நான் இங்கே தீர்க்க வரவில்லை. நான் கேட்பது சிறிய உரிமை ஒன்றுதான். ஓர் ஊரில், அதிலும் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு அருகில், மதுக்கடை இருக்கலாமா கூடாதா என்பதை அவ்வூர் மக்கள் வாக்களித்து முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு அதிகாரிகளைக் கட்டுப்படுத்த வேண்டும். கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு நாம் இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

மீட்டர் கணக்கு

இப்போதுள்ள விதி என்ன? 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபான சில்லறை விற்பனை விதிகள் தூரத்தைப் பற்றிப் பேசுகின்றன. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் 50 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது. பிற இடங்களில் 100 மீட்டருக்குள் வைக்கக் கூடாது. நகரத்துப் பிள்ளைக்கு 50 மீட்டர் போதும், கிராமத்துப் பிள்ளைக்கு 100 மீட்டர் வேண்டும் என்று எந்தக் கணக்கில் கண்டார்களோ தெரியவில்லை. அது மட்டுமன்று. நகர அமைப்புத் துறை ஒரு பகுதியை வணிகப் பகுதி என்றோ தொழிற்பகுதி என்றோ வகுத்துவிட்டால், அங்கே இந்தத் தூரக் கட்டுப்பாடும் பொருந்தாது. நம் ஊர்களில் பழைய பள்ளிகள் பலவும் கடைத்தெருவை ஒட்டியே இருக்கின்றன என்பதை யாவரும் அறிவோம்.

50 மீட்டர் என்பது எவ்வளவு? நம் கல்லூரி மைதானத்தில் ஓட்டப் பந்தயம் வைத்தால் பத்து விநாடிக்குள் கடந்துவிடும் தூரம். பள்ளி வாயிலில் நிற்கும் சிறுவன், கடை வாசலில் நிற்கும் தன் தகப்பனின் சட்டை நிறத்தைக் கண்டுகொள்ளும் தூரம். சட்டம் வாயிலுக்கு வாயில் அளக்கிறது. குழந்தை வாயிலில் குடியிருக்கவில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கு நடக்கிறது. நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருக்கிறது. மாலையில் தனிவகுப்பு முடிந்து இருட்டில் திரும்புகிறது. அந்த வழியெல்லாம் எந்த நாடாவுக்குள்ளும் வருவதில்லை.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. எங்கள் ஊரிலும் உயர்நிலைப் பள்ளிக்குப் பக்கத்தில் கடை ஒன்று வந்தது. ஊரார் மனு கொடுத்ததன் பேரில் அளக்க வந்தார்கள். சாலை வழியே நாடாவைப் பிடித்தார்கள். நூறு மீட்டருக்குச் சில அடிகள் அதிகமாக வந்தது. “விதிப்படி சரியாகத்தான் இருக்கிறது” என்று எழுதிக்கொண்டார்கள். அப்போது கூட்டத்தில் நின்ற ஓர் அம்மா கேட்டார்: “ஐயா, நீங்க ரோட்டு மேல அளக்குறீங்க. எம் பொண்ணு ரோட்டுலயா போவுது? வரப்பு மேலதான போவுது? அந்த வரப்பு கடைக்குப் பின்பக்கமாத்தான வருது?” அளக்க வந்தவர் நல்லவர்தான், அவரால் பதில் சொல்ல இயலவில்லை. வரப்பை அளக்கும்படி அவருக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. அந்தக் கடையின் பின்பக்கத்து வரப்பில் நடப்பதற்கு அஞ்சி, எட்டாம் வகுப்போடு நின்றுகொண்ட இரண்டு பெண்களை நான் அறிவேன். ஒருத்தி என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி. இன்று அவள் பெயர் எந்தக் கல்லூரியின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை.

அக்டோபர் 2 அன்று கூடிய கிராம சபையில் அந்தக் கடையை அகற்ற வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து ஒரு குரலும் எழவில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார்கள். நகல் மேலிடத்துக்குப் போயிற்று. அடுத்த கிராம சபையிலும் அதே தீர்மானம். அதற்கடுத்ததிலும் அதே. கடை இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாம் முறை தீர்மானம் படிக்கப்பட்டபோது கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு அச்சத்தைக் கொடுத்தது. தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று ஓர் ஊர் பழகிக்கொள்வது, கடையைக் காட்டிலும் பெரிய கேடு.

நாடு கண்ட போராட்டங்கள்

இது எங்கள் ஊரின் தனிக் குறையன்று. 2015-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் காந்தியவாதி சசிபெருமாள் உயிர் நீத்தார். அவர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் அருகிலிருந்த ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தின் மீது ஏறிப் போராடிய இடத்தில்தான் அந்த முடிவு நேர்ந்தது. நாட்டின் மதுக்கொள்கை முழுவதையும் அன்றே மாற்றுங்கள் என்று அவர் அந்தக் கோபுரத்தில் ஏறவில்லை. ஓர் ஊரின் ஒரு கடையை அகற்றவே ஏறினார். ஊராரின் மனுவுக்கு மதிப்பிருந்தால் ஒரு முதியவர் கோபுரத்தில் ஏற வேண்டிய தேவை என்ன?

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. சிற்றூர்களுக்கு அந்தத் தூரம் பிறகு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. விபத்துகளைத் தடுக்க வந்த நல்ல தீர்ப்பு. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. ஆனால் சாலையை விட்டு எழுந்த கடைகள் எங்கே போயின? பல கடைகள் ஊருக்குள் வந்தன, தெருவுக்குள் வந்தன, வீடுகளுக்கு நடுவே வந்தன. 2017 கோடையில் மாநிலமெங்கும் பெண்கள் குடத்தோடும் துடைப்பத்தோடும் தெருவில் உட்கார்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில், அவ்வாறு போராடிய பெண் ஒருவரைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே கண்டது. ஒரு கடை எங்கிருந்து போகிறது என்பதைச் சட்டம் கேட்டது. எங்கே வருகிறது என்பதை ஊராரிடம் கேட்கவில்லை. அதன் விளைவே இது.

கருணாபுரம் எழுப்பும் கேள்வி

இவ்விடத்தில் ஒரு நண்பர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: “அரசுக் கடையை மூடச் சொல்கிறாய். மூடினால் என்ன ஆகும் என்பதைக் கருணாபுரம் காட்டவில்லையா?” இது தட்டிக்கழிக்கத் தகாத கேள்வி. நம் கல்லூரியிலிருந்து கருணாபுரம் தொலைவில் இல்லை. அந்தத் தெருவின் பிள்ளைகள் நம்மோடு பேருந்தில் வருகிறவர்கள். ஆகவே நிதானமாகவே விடை சொல்ல வேண்டும்.

2024-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18, 19 நாட்களில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்துச் சாய்ந்தார்கள். வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்று வந்தவர்களால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை நிறைந்தது. சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஊர்திகள் ஓடின. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் அவர்களில் இருந்தனர். பெரும்பாலோர் மூட்டை தூக்குவோர், கட்டட வேலை செய்வோர், கிடைத்த கூலிக்குப் போவோர். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பிணங்களைக் கிடத்தியிருந்த காட்சியை நாம் கண்டோம். தாய் தந்தை இருவரையும் ஒரே வாரத்தில் இழந்த பிள்ளைகள் உண்டு.

அவர்களைக் கொன்றது மெத்தனால். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் சாராயம் அது. நம் வேதியியல் துறை நண்பர்கள் அறிவார்கள்: கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் முதலில் கண் நரம்பைத் தாக்கும். இரத்தத்தின் தன்மையைக் கெடுத்து உயிரையும் வாங்கும். மணத்தாலோ சுவையாலோ குடிப்பவன் அதைப் பிரித்தறிய முடியாது.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். கருணாபுரத்து மக்கள் சாராயத்தை நாடியது அரசுக் கடை மூடியிருந்ததாலா? இல்லை. கள்ளக்குறிச்சி நகரில் அரசுக் கடைகள் திறந்தே இருந்தன. அங்கே ஒரு குவார்ட்டர் 140 ரூபாய். சாராயப் பாக்கெட் அதில் பாதி விலைக்கும் கீழே கிடைத்தது. நாள் முழுவதும் மூட்டை தூக்கியவன் எதை வாங்குவான்? ஆகவே, உரிமம் பெற்ற கடை இருந்தால் கள்ளச்சாராயம் வராது என்ற வாதத்தைக் கருணாபுரமே பொய்யாக்கிவிட்டது. 2023 மே மாதத்தில் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் மாநிலத்தில் ஆயிரக்கணக்கான அரசுக் கடைகள் திறந்துதான் இருந்தன.

கருணாபுரம் நமக்கு வேறொன்றையும் சொல்கிறது. அது காட்டுக்குள் இருக்கும் குடிசைப் பகுதியன்று. நகருக்குள் இருக்கிறது. காவல் நிலையமும் நீதிமன்றமும் அருகிலேயே இருக்கின்றன. அங்கே சாராயம் விற்றது புதிதுமன்று. நெடுங்காலமாக ஊரறிய விற்றார்கள் என்று அத்தெருப் பெண்களே செய்தியாளர்களிடம் கூறினார்கள். அவர்கள் அறிந்திருந்தார்கள், அறிந்ததைச் சொல்லவும் செய்தார்கள். சொன்ன சொல்லுக்கு வலிமை இல்லை. பள்ளிக்கு அருகில் உரிமத்தோடு நடக்கும் கடையையும், தெருவுக்குள் உரிமமின்றி நடந்த விற்பனையையும் இணைக்கும் கண்ணி இதுதான். இரண்டு இடத்திலும் பாதிக்கப்படுகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். இரண்டு இடத்திலும் அவர்களைக் கேட்பாரில்லை.

அதன்பின் நடந்தவற்றையும் நாம் அறிவோம். அதிகாரிகள் மாற்றப்பட்டார்கள், சிலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இறந்தவர் குடும்பத்துக்குப் 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அம்மாத இறுதியிலேயே சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர் போகக் காரணமாக இருப்போருக்கு ஆயுள் தண்டனை வரை வகை செய்தது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கைச் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. தண்டனை கூடியது நல்லது. ஆனால் தண்டனை என்பது செத்த பிறகு வருவது. சாகுமுன் கேட்பதற்கு ஒரு வழி செய்ய வேண்டாமா?

பிற இடங்களில் என்ன செய்தார்கள்?

ஊரைக் கேட்பது புதுமையன்று. ஸ்காட்லாந்து நாட்டில் 1913-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. கடைகள் இப்போதுள்ளபடியே இருக்கலாமா, குறைக்கலாமா, அறவே நீக்கலாமா என்று ஒவ்வொரு பகுதி மக்களும் வாக்களிக்க அது வழி வகுத்தது. 1920-இல் வாக்கெடுப்புகள் தொடங்கின. சில பகுதிகள் கடைகளை நீக்கின. பல பகுதிகள் வைத்துக்கொண்டன. எப்படியாயினும் முடிவு அந்தந்த மக்களுடையதாக இருந்தது.

அவ்வளவு தொலைவு போவானேன்? மகாராட்டிரத்தைப் பாருங்கள். அங்கே ஓர் ஊரின் பெண் வாக்காளர்களில் கால் பங்கினர் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் இரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் ஆணை கூறுகிறது. வாக்குச் சீட்டில் இரண்டு படங்கள்: நிற்கும் பாட்டில் ஒன்று, படுத்த பாட்டில் ஒன்று. எழுத்தறியாத தாயும் தன் கருத்தைச் சொல்லலாம். பட்டியலிலுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் படுத்த பாட்டிலுக்கு வாக்களித்தால் கடை மூடப்பட வேண்டும். இம்முறையில் பல ஊர்கள் கடையை மூடியிருக்கின்றன. போதிய வாக்கு விழாமல் கடை நிலைத்த ஊர்களும் உண்டு. அங்கே தோற்றவர்களும், “எங்களைக் கேட்கவே இல்லை” என்று சொல்ல முடியாது.

அண்டையிலுள்ள கேரளத்தில் மதுக்கடைக்கு ஊராட்சியின் அனுமதி வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2017-இல் அரசு அந்த அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கொடுத்ததை எடுத்துக்கொள்ளவும் அரசுகள் தயங்குவதில்லை என்பதற்கு இது சான்று.

நம் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 1996-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் பழங்குடிப் பகுதிகளுக்கான ஊராட்சிச் சட்டத்தை இயற்றியது. மதுவை விலக்கவும், விற்பனையைக் கட்டுப்படுத்தவும் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் தர வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. ஆனால் அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே செல்லும். பத்து மாநிலங்களில் அத்தகைய பகுதிகள் உள்ளன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. மேற்கே தெரியும் கல்வராயன் மலையை நினைத்துப் பாருங்கள். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தவர்கள். சாராய வேட்டை என்றாலே காவல்துறை ஏறுவது அந்த மலைக்குத்தான். ஊறலைக் கொட்டிய செய்தி ஆண்டுதோறும் நாளேட்டில் வருகிறது. ஒடிசாவிலோ சார்க்கண்டிலோ பிறந்திருந்தால் மதுவைப் பற்றித் தம் கிராம சபையில் முடிவெடுக்கும் உரிமை சட்டப்படி உள்ள மக்கள், கல்வராயன் மலையில் பிறந்ததால் அதை இழந்து நிற்கிறார்கள். வேட்டைக்கு ஆளாகும் மக்களுக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை. இது எந்த வகை நீதி?

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு வருவாய் பற்றியது. 2023-24-ஆம் ஆண்டில் மது விற்பனையால் தமிழ்நாடு அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 45,855 கோடி ரூபாய். பெருந்தொகைதான். ஆனால் வரலாறு ஒன்றைச் சொல்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று இராசாசி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. பிற்காலத்தில் மது திரும்பி வந்தது. விற்பனை வரி போகவில்லை. இன்று மதுவின் மீதே அந்த வரியின் வழித்தோன்றல் விதிக்கப்படுகிறது. மதுவை விட்டதற்காகப் பிறந்த வரி மதுவாலேயே வளர்கிறது! மேலும் நான் எல்லாக் கடைகளையும் மூடச் சொல்லவில்லை. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகளை அரசே மூடியது. கருவூலம் அதனால் கவிழ்ந்துவிடவில்லை. எந்த 500 என்பதை அலுவலகத்தில் அமர்ந்து முடிவு செய்வதற்கு மாறாக, ஊராரின் வாக்கைக் கொண்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன்.

இரண்டாவது மறுப்பு: “ஊரார் வாக்கை விலைக்கு வாங்கிவிடுவார்கள்.” இருக்கலாம். தேர்தலிலும் வாங்கத்தான் பார்க்கிறார்கள். அதற்காகத் தேர்தலை நாம் விட்டுவிட்டோமா? பெண்களின் வாக்கைத் தனியே எண்ணினால் விலைக்கு வாங்குவது எளிதன்று. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர்கள் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். 1992-இல் ஆந்திரத்து நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் சாராயக் கடையை மூடவைத்தவர்கள் கூலிப் பெண்கள். அறிவொளி வகுப்பில் எழுத்துப் படிக்க வந்தவர்கள் தங்கள் துன்பத்தின் காரணத்தையும் படித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே அம்மாநிலம் சாராயத்தைத் தடை செய்தது.

மூன்றாவது மறுப்பை யாரும் எழுப்பவில்லை. நானே எழுப்புகிறேன், ஏனெனில் அதுவே கடினமானது. ஊர் வாக்களித்தால் எந்த ஊர்? ஊர்த்தெரு ஒன்று, காலனி ஒன்று என்று பிரிந்து கிடக்கும் கிராமத்தில், பெரும்பான்மைத் தெரு “எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லிக் கடையைச் சிறுபான்மைத் தெருவின் ஓரத்துக்குத் தள்ளிவிடாதா? தள்ளும். பல ஊர்களில் கடை இருக்கும் இடத்தைப் பார்த்தாலே தெரியும். கள்ளச்சாராயத்தில் மாண்டவர்கள் யார் என்று பார்த்தாலும் தெரியும். ஆகவே வாக்கெடுப்பு கடைக்குப் பக்கத்தில் குடியிருப்போருடையதாக இருக்க வேண்டும். கடையிலிருந்து குறித்த தொலைவுக்குள் வாழும் குடும்பங்களும், அருகிலுள்ள பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரும் ஒப்புக்கொண்டால் மட்டுமே கடை. ஊர் முழுதும் வேண்டுமென்று சொன்னாலும், அந்த ஒரு தெரு வேண்டாமென்றால் வேண்டாம். இந்தப் பாதுகாப்பு இல்லாத உள்ளூர் அதிகாரம், எளியவர் மீது இன்னொரு சுமையாகவே முடியும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவதாக, பள்ளியருகே புதிய கடை திறக்குமுன் கிராம சபையில் அறிவித்து வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. காலம் போதாது என்று சொல்ல முடியாது. கருணாபுரம் போன்ற நகர்ப்பகுதிகளுக்குக் கிராம சபை இல்லை. ஆனால் 2022 முதல் வார்டு தோறும் பகுதி சபைகள் கூட்டப்பட்டுள்ளன. அந்த உரிமையை அவற்றுக்கும் தர வேண்டும்.

இரண்டாவதாக, இருக்கின்ற கடையை அகற்றும்படி கிராம சபை தீர்மானம் செய்தால், குறித்த நாளுக்குள் அகற்ற வேண்டும். அகற்ற இயலாதென்றால் அதற்கான காரணத்தை எழுத்தில், அடுத்த கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும்.

மூன்றாவதாக, தூரத்தைப் பிள்ளைகள் நடக்கும் வழியே அளக்க வேண்டும். வரப்பானாலும் ஒற்றையடிப் பாதையானாலும் அதுவே அவர்களின் சாலை. பேருந்து நிறுத்தமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். வணிகப் பகுதி என்ற விலக்குப் பள்ளிகளைப் பொறுத்தவரை நீங்க வேண்டும்.

நான்காவதாக, கள்ளச்சாராயம் விற்கும் இடத்தைப் பற்றிச் சபையில் ஒருவர் சொன்னால், அது பெயர் குறிப்பிடாமல் பதிவாக வேண்டும். காவல்துறை என்ன செய்தது என்று அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும். கருணாபுரத்துப் பெண்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இருந்திருந்தால், பின்னர் யாரும் “எங்களுக்குத் தெரியாது” என்று சொல்லியிருக்க இயலாது.

இந்த நான்கும் நாட்டைப் புரட்டும் கோரிக்கைகள் அல்ல. அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு மதுவிலக்கையே அரசின் நெறியாகக் காட்டுகிறது. அதன் அருகில் வைத்துப் பார்த்தால் நாம் கேட்பது மிகவும் குறைவு.

மாணவர் கடமை

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய நாம், அடுத்த கிராம சபை எந்த நாளில் கூடுகிறது என்பதை அறியாதிருப்பது பொருந்துமா? நம் கல்லூரியில் படிப்போரில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வருகிறவர்கள். பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். தீர்மானத்தை எப்படி எழுதுவது, நகலை எப்படிக் கேட்டுப் பெறுவது, தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படி விண்ணப்பிப்பது என்பனவெல்லாம் நமக்கு எட்டாத வித்தைகள் அல்ல. ஆனால் நம் தாய்மாருக்கு அவை எட்டாதவை. நாம் எழுதிக் கொடுப்போம்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு கிராமத்துக்குப் போகிறோம். சாலையைக் கூட்டுகிறோம், கோவிலுக்கு வெள்ளை அடிக்கிறோம். அவற்றோடு இன்னொரு வேலையும் செய்யலாம். அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை நடந்து பார்ப்போம். எந்த வழியில் போகிறார்கள், எந்த இடத்தில் ஓடுகிறார்கள், எங்கே தலையைக் குனிந்துகொள்கிறார்கள் என்று வரைபடம் வரைவோம். புவியியல் துறை நண்பர்கள் வழி காட்டட்டும். அந்த வரைபடத்தைத் தீர்மானத்தோடு இணைத்துக் கிராம சபையில் வைப்போம். சாலையில் பிடித்த நாடா ஒரு சான்று என்றால், இதுவும் ஒரு சான்றுதானே?

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருணாபுரத்துப் பிள்ளைகள் இனி ஒவ்வோர் ஆண்டும் பள்ளியை முடித்து வருவார்கள். நம் கல்லூரி வாயிலுக்கும் வருவார்கள். அவர்கள் விண்ணப்பத்தில் பெற்றோர் பெயர் எழுதும் இடத்தில் ஒரு கணம் பேனா நிற்கும். அந்த ஒரு கணத்தில் அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

நண்பர்களே! கடை இருக்கட்டும் என்று ஊர் சொன்னால் இருக்கட்டும். வேண்டாம் என்றால் போகட்டும். ஆனால் முதலில் ஊரைக் கேட்கட்டும். கேட்கும்படி செய்வது நம் கடமை. வருகின்ற கிராம சபையில் அவரவர் ஊரில் எழுந்து நிற்போம். மூன்றாம் முறை தீர்மானம் படிக்கும்போது யாரும் சிரிக்காதபடி, அதை நான்காம் முறையும் படிப்போம்.